அடிவானத்தில் வளையும் அலைகள்

கடற்கரையில் நின்று சூரியன் அஸ்தமிப்பதைப் பார்த்திருப்பீர்கள். செந்நிறத் தட்டாகி, சற்றே நசுங்கினாற்போல், அதன் கீழ் விளிம்பு கடல்நீரைத் தொடும் அந்தக் கணத்தில் ஓர் உண்மையை நினைத்துப் பாருங்கள். நீங்கள் காணும் இடத்தில் சூரியன் இல்லை! அது முன்னமேயே அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது. பூமியைச் சூழ்ந்துள்ள காற்று அதன் ஒளியை வில்போல் வளைத்து, கீழே போனதைத் தூக்கிக் காட்டுகிறது. இந்த வளைவு சுமார் அரை டிகிரிதான். ஆனால் சூரியத் தட்டின் அகலமும் ஏறத்தாழ அரை டிகிரியே. ஆகவே முழுச் சூரியனும் மறைந்த பிறகும் முழுச் சூரியனைக் காண்கிறோம்.

காற்று ஒளியை ஏன் வளைக்க வேண்டும்? மேலே போகப் போகக் காற்று மெலிகிறது; கீழே வர வர அடர்கிறது. மெல்லிய காற்றிலிருந்து அடர்ந்த காற்றுக்குள் நுழையும் ஒளி, நீரில் அமிழ்ந்த கோல் வளைந்து தோன்றுவதற்குக் காரணமான அதே விதிப்படி, திசை மாறுகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது காற்றின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் ஈரத்தையும் பொறுத்தது. இனி இதைத் திருப்பிப் போட்டு யோசியுங்கள். வளைவை மிக நுட்பமாக அளந்துவிட்டால், அங்கே போகாமலே அந்தக் காற்றின் நிலையைக் கணக்கிட்டுச் சொல்ல முடியாதா?

முடியும். ஒளிக்குப் பதிலாக ரேடியோ அலையைக் கொண்டு இன்று அதைச் செய்கிறார்கள். வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் அலைகளை, புயலுக்கருகே பறக்கும் விமானத்தில் இருந்தபடியே பிடித்து, அவை வளைந்திருக்கும் அளவிலிருந்து புயலின் போக்கை அறிய முயல்கிறார்கள். இந்த முறை முதலில் செவ்வாய்க் கிரகத்துக்குப் போய், அதன் பிறகே பூமிக்கு வந்தது.

கடலின் மேல் தெரியாத காற்று

நாளைய வானிலையைக் கணக்கிட வேண்டுமானால் இன்றைய வானிலை தெரிந்திருக்க வேண்டும். தரையில் உள்ள நிலை மட்டும் தெரிந்தால் போதாது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரம் வரை தெரிய வேண்டும். நிலப்பரப்பில் இதற்குப் பலூன்கள் உள்ளன. 1929-இல் பிரான்சில் ராபர்ட் பியூரோவும், 1930-இல் ரஷ்யாவில் மோல்சனோவும் பலூனில் சிறு ரேடியோவைக் கட்டிப் பறக்கவிட்டு, மேலே உள்ள வெப்பத்தையும் அழுத்தத்தையும் தரையிலிருந்தே கேட்டறிந்தார்கள். இன்றும் உலகெங்கும் நாள்தோறும் ஏறும் ரேடியோசோண்ட் பலூன்கள் அவற்றின் வாரிசுகளே.

அந்தப் பலூன்கள் பரவுவதற்குமுன் விமானங்கள்தாம் இந்த வேலையைச் செய்தன. அமெரிக்காவில் 1930-களின் தொடக்கத்தில் ஒப்பந்த விமானிகள் விடியற்காலையில் அளவுக் கருவியை இறக்கையில் கட்டிக்கொண்டு மேலே ஏறுவார்கள். 13,500 அடி உயரத்தைத் தொட்டால்தான் கூலி. வானம் மோசமாயிருந்தாலும் ஏறினார்கள். உயிர்விட்டவர்களும் உண்டு. வானிலை நன்றாயிருக்கும் நாளில் கிடைக்கும் அளவைவிட, மோசமாயிருக்கும் நாளில் கிடைக்கும் அளவே அதிகம் வேண்டப்படுவது; அந்த நாளில் பறப்பதோ ஆபத்து. இந்தத் தொழிலின் சங்கடம் இதுதான்.

கடலின் மேல் நிலைமை இன்னும் மோசம். அங்கே பலூன் விட ஆளில்லை. கப்பல்கள் அனுப்பும் செய்திகளே கதி. இரண்டாம் உலகப் போரின்போது அதுவும் நின்றது. மெக்சிகோ வளைகுடாவில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் உலவியதால், இருப்பிடம் தெரிந்துவிடும் என்றஞ்சிக் கப்பல்கள் ரேடியோவை மூடி வைத்தன. 1943 ஜூலையில் டெக்சாஸ் கரையை நோக்கி ஒரு சூறாவளி வந்தபோது எச்சரிக்கை மிகக் குறைவாகவே கிடைத்தது. அதே கரையில் உள்ள கால்வெஸ்டன் நகரம் 1900-ஆம் ஆண்டுச் சூறாவளியில் 8,000 பேரையாவது இழந்தது என்பதை நினைத்தால், எச்சரிக்கையின்மை என்றால் என்ன என்பது விளங்கும்.

அந்த 1943-ஆம் ஆண்டுச் சூறாவளிக்குள்தான் ஜூலை 27 அன்று ஜோசப் டக்வொர்த் என்ற அமெரிக்க விமானப்படை அதிகாரி, ரால்ஃப் ஓ'ஹேர் என்பவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஒற்றை என்ஜின் பயிற்சி விமானத்தில் நுழைந்தார். உடனிருந்த விமானிகள் அந்த விமானத்தைக் கேலி செய்ய, பந்தயம் கட்டிப் பறந்ததாகச் சொல்வார்கள். நோக்கம் எதுவாயினும், வேண்டுமென்றே சூறாவளிக்குள் புகுந்து திரும்பிய முதல் மனிதர்கள் அவர்களே. தரையிறங்கியதும் தளத்தின் வானிலை அதிகாரி தம்மையும் அழைத்துப் போகும்படி கேட்க, டக்வொர்த் அன்றே இரண்டாம் முறையும் உள்ளே சென்றார். அடுத்த ஆண்டிலிருந்து சூறாவளிக்கு விமானம் அனுப்புவது அமெரிக்காவில் வழக்கமாயிற்று.

இந்த விமானங்கள் பிற்காலத்தில் டிராப்சோண்ட் என்ற கருவியைக் கொண்டு சென்றன. பலூன் மேலே ஏற்றும் கருவியை இது சிறு பாராசூட்டில் கட்டிக் கீழே போடுவது. நல்ல கருவிதான். ஆனால் போடும் இடத்துக்கு நேர் கீழே உள்ள காற்றை மட்டும் அளக்கும், போட்டது திரும்பி வராது, ஒவ்வொன்றுக்கும் விலையுண்டு. விமானப் பாதைக்கு இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் பக்கவாட்டில் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

செவ்வாயில் பிறந்த முறை

இனி 1965-க்கு வாருங்கள். மாரினர்-4 என்ற அமெரிக்க விண்கலம் ஏழரை மாதப் பயணத்துக்குப்பின் ஜூலை மாதத்தில் செவ்வாயைக் கடந்தது. அது அனுப்பிய படங்களைப் பற்றித்தான் உலகம் பேசியது. ஆனால் அதே பயணத்தில், படக்கருவிக்குத் தொடர்பில்லாத இன்னொரு சோதனையும் நடந்தது. கலம் செவ்வாய்க்குப் பின்னால் போய் மறைந்தது. மறையும் தறுவாயில் அதன் ரேடியோ அலை செவ்வாயின் மெல்லிய காற்றை உரசிக்கொண்டு பூமிக்கு வந்தது. சூரியன் அடிவானத்தில் மறைவதைப் போலவேதான் இதுவும். உரசிய அலை வளைந்தது. வளைந்ததால் அதன் அதிர்வெண் மிக மிகச் சிறிதளவு மாறியது. ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் கிளியோரும், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் எஷெல்மன், ஃபெல்ட்போ ஆகியோரும் அந்த மாற்றத்தை அளந்து, செவ்வாயின் தரையில் காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்று கண்டார்கள். அதுவரை 85 மில்லிபார் வரை இருக்கலாம் என்றும் எண்ணியிருந்தனர். கிடைத்ததோ ஏறத்தாழ 5 மில்லிபார். பாராசூட்டை மட்டும் நம்பிச் செவ்வாயில் இறங்கலாம் என்ற திட்டங்கள் அன்றோடு கைவிடப்பட்டன.

சுமார் 21 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு கிரகத்தின் காற்றை அளக்க முடிந்தபோது, நம் பூமியின் காற்றை ஏன் அப்படி அளக்கக்கூடாது என்று கேட்கத் தோன்றும். 1960-களிலேயே கேட்டார்கள். செவ்வாய்க்கு ஒரே ஓர் அளவு கிடைத்தாலும் போதும். அதற்கு முன் அங்கே எதுவும் தெரியாது. பூமிக்கோ நாள்தோறும் ஆயிரக்கணக்கில் அளவுகள் வேண்டும். அதற்குப் பல செயற்கைக்கோள்கள் ஓயாமல் அலை அனுப்ப வேண்டும். வேறு பல அவற்றைக் கேட்க வேண்டும். வானிலைக்காக மட்டும் அத்தனை கோள்களை யார் ஏவுவார்கள்? எண்ணம் காகிதத்திலேயே தங்கிவிட்டது.

வேறொரு காரணத்துக்காக அந்தக் கோள்கள் வந்தன. அமெரிக்க இராணுவம் தன் கப்பல்களும் விமானங்களும் படைகளும் இருக்குமிடத்தைத் துல்லியமாக அறிவதற்காக ஜி.பி.எஸ். என்ற அமைப்பை நிறுவத் தொடங்கியது. முதல் கோள் 1978 பிப்ரவரியில் ஏறியது. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் 24 கோள்கள் கொண்ட முழு அமைப்பு 1995-இல் நிறைவெய்தியது. இது பொதுமக்களுக்கு எட்டியதிலும் ஒரு விமானத்தின் சோகம் கலந்திருக்கிறது. 1983 செப்டம்பர் 1 அன்று வழி தவறிச் சோவியத் எல்லைக்குள் புகுந்த கொரிய பயணி விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். இனி எந்தப் பயணி விமானமும் வழி தவறக்கூடாது, ஆகவே அமைப்பு முழுமை பெற்றதும் ஜி.பி.எஸ். குறிகளை எல்லோரும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க அரசு அந்த மாதமே அறிவித்தது.

பிழையாக வந்தது

ஜி.பி.எஸ். செய்வது நேரத்தை அளப்பதுதான். கோளிலிருந்து அலை புறப்பட்ட நேரமும் உங்கள் கருவிக்கு வந்து சேர்ந்த நேரமும் தெரிந்தால் தொலைவு தெரியும். ஆனால் காற்றுக்குள் அலை சற்றே மெதுவாக வருகிறது. தலைக்கு மேலே உள்ள கோளிலிருந்து வரும் அலைக்குக்கூடக் காற்றினால் ஏறத்தாழ 2.4 மீட்டர் தொலைவு கூடியதுபோல் தோன்றும். நில அளவை செய்பவர்களுக்கு இது பெருந்தொல்லை. அவர்கள் மில்லிமீட்டர் கணக்கில் அளக்க விரும்புபவர்கள்! இந்தப் பிழையில் பெரும்பகுதி உலர்ந்த காற்றால் வருவது. அதைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். மீதமுள்ள முப்பது, நாற்பது சென்டிமீட்டர் வரை நீராவியால் வருவது. அது மணிக்கு மணி மாறும், பிடிபடாது. நில அளவைக்காரர் எறிய விரும்பிய இந்தப் பகுதியை வானிலைக்காரர் எடுத்துக்கொண்டார்.

நீராவி ரேடியோ அலையை ஏன் இவ்வளவு பாதிக்கிறது என்பதற்கு ஒரு வார்த்தை. நீர் மூலக்கூறின் ஒரு புறம் நேர்மின்னும் மறுபுறம் எதிர்மின்னும் சற்றே மிகுந்திருக்கும். ஆகவே ரேடியோ அலை கடக்கும்போது மூலக்கூறு அதற்கேற்பத் திரும்பி அதைத் தாமதப்படுத்துகிறது. ஒளியலை அதிவேகமாக அதிர்வதால் மூலக்கூறால் அதற்கேற்பத் திரும்ப முடிவதில்லை. 1953-இல் ஸ்மித், வைன்ட்ராப் என்ற இரு அமெரிக்கர்கள் வெளியிட்ட சிறு சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. அதன்படி கணக்கிட்டால், வெப்ப மண்டலக் கடலின்மேல் நீராவி காற்றில் நூற்றுக்கு மூன்று பங்கே இருந்தாலும், ரேடியோ அலையை வளைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதனுடையது. புயலுக்கு உணவு நீராவி என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆக, புயல் எதை உண்டு வளர்கிறதோ அதையே இந்த அலை கூர்ந்து உணர்கிறது. மேலும் ஜி.பி.எஸ். அலையின் நீளம் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர். மேகமும் மழையும் அதற்கு ஒரு பொருட்டல்ல.

1995 ஏப்ரல் 3 அன்று மைக்ரோலேப்-1 என்ற சிறு செயற்கைக்கோள் ஒரு ஜி.பி.எஸ். வாங்கியைச் சுமந்துகொண்டு ஏறியது. அதை ஏவிய பெகாசஸ் ராக்கெட் பறக்கும் விமானத்தின் அடியிலிருந்து விடப்பட்டது என்பது ஒரு துணுக்குச் செய்தி. அந்த வாங்கி, பூமியின் விளிம்பில் ஜி.பி.எஸ். கோள்கள் உதிப்பதையும் மறைவதையும் கவனித்தது. பலூன்கள் சொன்ன வெப்பநிலைக்கும் இது சொன்னதற்கும் சராசரியாக ஒரு டிகிரி அளவிலேயே வேறுபாடு இருந்தது. பிறகு முன்னேற்றம் விரைந்தது. 2006-இல் தைவானும் அமெரிக்காவும் சேர்ந்து இதற்கென்றே ஆறு கோள்களை ஏவின. அவை ஓய்வுபெறுமுன், 2019-இல் வெப்ப மண்டலத்தின்மேல் சுற்றும்படி மேலும் ஆறு ஏறின. நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2009-இல் ஏறிய ஓஷன்சாட்-2, 2011-இல் ஏறிய மேகா-டிராபிக்ஸ் ஆகியவற்றிலும் இத்தாலியில் செய்த இத்தகைய வாங்கி இருந்தது.

கோள் போதாதா, விமானம் எதற்கு?

நியாயமான கேள்வி. கோளில் உள்ள வாங்கிக்கு மறைப்பு எங்கே நிகழும் என்பது நம் விருப்பப்படி அமைவதில்லை. இரண்டு கோள்களின் பாதைகள் எங்கே கூடுகின்றனவோ அங்கே நிகழும். ஆயிரக்கணக்கான அளவுகள் உலகம் முழுவதும் தெளித்தாற்போல் கிடைக்கும். உலக வானிலைக்கு இது மிக நல்லது. ஆனால் இன்று மாலை, இந்தப் புயலின் வடகிழக்கே, நூறு கிலோமீட்டருக்கு ஒன்றாகப் பத்து அளவுகள் வேண்டுமென்றால்? கோள் கை விரிக்கும். விமானத்தையோ வேண்டிய இடத்துக்கு அனுப்பலாம். 13 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு அடிவானம் நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். எத்திசையில் ஜி.பி.எஸ். கோள் மறைந்தாலும் அத்திசையில் ஓர் அளவு கிடைக்கும். டிராப்சோண்ட் காலடியைப் பார்க்கிறது; இது சுற்றுப்புறத்தைப் பார்க்கிறது.

சொல்வது எளிது. விமானத்தில் வைத்தபோது சிக்கல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அவற்றைத் தீர்க்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

முதல் சிக்கல் கணிதத்தில். வளைவிலிருந்து காற்றின் நிலையைக் கணக்கிடும் வழி, நார்வே நாட்டுக் கணித மேதை ஆபெல் 1820-களில் கண்டுபிடித்தது. இருபத்தாறு வயதில் வறுமையிலும் காசநோயிலும் மாண்ட அந்த இளைஞர், தம் சூத்திரம் நிலநடுக்க அலைகளுக்கும் செயற்கைக்கோள்களுக்கும் பயன்படும் என்று எங்கே நினைத்திருப்பார்! அந்தக் கணக்கு, கேட்பவர் காற்றுக்கு வெளியே இருப்பதாகக் கொள்கிறது. அலை ஒருபுறம் நுழைந்து, தாழ்ந்து, மறுபுறம் வெளியேற வேண்டும். விமானமோ காற்றுக்குள்ளேயே இருக்கிறது. அலையின் பாதை சரிபாதியாக அமையவில்லை; ஒருபுறம் நீளம், மறுபுறம் குறை.

1999-இல் ஜுஃபாடா, ஹஜ், குர்சின்ஸ்கி ஆகியோரும், 2002-இல் ஹீலி, ஜெனிஃபர் ஹாஸே, லெஸ்ன் ஆகியோரும் இதற்கு வழி கண்டார்கள். கடைக்காரர் எண்ணெயைப் பாத்திரத்தோடு நிறுத்துப் பிறகு பாத்திரத்தின் எடையைக் கழிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அதே யுக்திதான். கோள் விமானத்தின் கிடைமட்டத்துக்குக் கீழே இறங்கியதும் வரும் அலை, மேற்காற்று, கீழ்க்காற்று இரண்டையும் கடந்து வருகிறது. அதே கோள் சற்றுமுன், கிடைமட்டத்துக்கு மேலே அதே கோணத்தில் இருந்தபோது வந்த அலை மேற்காற்றை மட்டும் கடந்து வந்தது. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால், விமானத்துக்குக் கீழே உள்ள காற்று எவ்வளவு வளைத்தது என்பது மிஞ்சும். அந்த மிச்சத்துக்கு ஆபெலின் கணக்கு பொருந்தும். விமானம் கைக்கு வருமுன் மலைகளிலும் இது சோதிக்கப்பட்டது. ஜப்பானில் ஃபூஜி மலை உச்சியில் வாங்கியை வைத்து, மலைக்குக் கீழே தாழும் கோள்களைக் கவனித்தார்கள்.

இரண்டாவது சிக்கல் வேகத்தில். ரயில் நம்மைக் கடக்கும்போது ஊதல் ஒலியின் சுருதி மாறுவதைக் கேட்டிருக்கிறீர்கள். அலையின் அதிர்வெண் மாற்றம் காற்றினால் மட்டும் வருவதில்லை. விமானத்தின் வேகத்தாலும் வருகிறது. விமானத்தின் பங்கைக் கழிக்காவிட்டால் காற்றின் பங்கு தெரியாது. விநாடிக்கு இருநூறு மீட்டருக்கு மேல் பறந்துகொண்டு, மேகத்தில் குலுங்கிக்கொண்டு செல்லும் விமானத்தின் வேகத்தை விநாடிக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் பிழையில்லாமல் அறிய வேண்டும். எறும்பு நகரும் வேகம்கூட அதைவிட அதிகம்! ஜி.பி.எஸ். குறிகளையே கொண்டு, அத்துடன் விமானத்தின் அசைவுகளை உணரும் கருவியையும் இணைத்து இதைச் சாதித்தார்கள். மேலே தெரியும் கோள்கள் விமானம் எங்கே, என்ன வேகம் என்று சொல்கின்றன; கீழே மறையும் கோள் காற்றைப் பற்றிச் சொல்கிறது.

மூன்றாவதுதான் மிகப் பெரிய சிக்கல். ஈரமான வெப்ப மண்டலக் காற்றின் அடிப்பகுதியில் நீராவி ஒரே சீராக இராது. அதில் நுழையும் அலை சிதறும், பல வழிகளில் பிரியும், மங்கும், மறுபடி தோன்றும். சாதாரண வாங்கி அலையைப் பற்றிக்கொண்டே பின்தொடர்வது; கூட்டத்தில் குழந்தையின் கையைப் பிடித்துச் செல்வதுபோல. ஒரு கணம் கை நழுவினால் குழந்தை தொலைந்துவிடும். எந்த உயரத்தில் நீராவி மிகுதியோ, எதை அறிய விமானம் ஏறியதோ, அந்த இடத்தில்தான் வாங்கி அலையைத் தொலைத்தது.

இதற்குக் கண்ட வழி முரட்டு வழி என்றே சொல்ல வேண்டும். பின்தொடர்வதை விட்டுவிட்டு, ஏரியலுக்கு வருவதையெல்லாம் அப்படியே பதிவு செய்துகொள்வது. விநாடிக்கு ஒரு கோடி மாதிரிகள் வீதம், மணிக்கணக்கில். தரைக்கு வந்தபிறகு, கோள் அந்தக் கணத்தில் எங்கிருந்தது என்ற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் அலை எங்கே இருக்க வேண்டுமோ அங்கே தேடுவது. நழுவினாலும் மறுபடி பிடிக்கலாம். ஆற அமரத் தேடலாம்.

கார்ல் என்ற சூறாவளி

ஹாஸேயும் அவருடன் அப்போது பர்டியூ பல்கலைக்கழகத்தில் இருந்த காரிசன் முதலியோரும் உருவாக்கிய கருவி, அமெரிக்க தேசிய விஞ்ஞான அறக்கட்டளையின் கல்ஃப்ஸ்ட்ரீம்-5 ஆராய்ச்சி விமானத்தில் பொருத்தப்பட்டது. விமானத்தின் இரு பக்கங்களிலும் அடிவானத்தை நோக்கிய ஏரியல்கள். 2008-இல் சோதனைப் பயணம். 2010 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் கரிபியன் கடலில் உள்ள செயின்ட் குரோய் தீவிலிருந்து மெய்யான வேலை தொடங்கியது.

அந்த ஆண்டு அங்கே கூடிய விஞ்ஞானிகளின் கேள்வி வேறு. ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் வழியே மேகக் கூட்டங்கள் வரிசையாக வருகின்றன. அவற்றுள் ஒரு சிலவே சூறாவளியாகின்றன, மற்றவை கலைந்துபோகின்றன. எது ஆகும், எது ஆகாது? மாண்ட்கோமரி என்பவரும் அவர் துணைவர்களும் ஒரு கருத்துச் சொன்னார்கள். அலைபோல் நகரும் காற்றின் நடுவே ஒரு பை உண்டாகிறது. கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்துக் காப்பதுபோல், அது ஈரக்காற்றை வெளியிலிருக்கும் வறண்ட காற்றிலிருந்து காக்கிறது. அங்கேதான் சூறாவளி கருக்கொள்கிறது என்பது அக்கருத்து. இதைச் சோதிக்க, புயலாகுமுன்பே மேகக் கூட்டத்தின்மேல் நாள்தோறும் பறக்க வேண்டும்; சுற்றிலும் ஈரம் எப்படிப் பரவியுள்ளது என்று பார்க்க வேண்டும். புதிய கருவிக்கு இதைவிட நல்ல வாய்ப்பு ஏது?

செப்டம்பர் 10 முதல் அவர்கள் தொடர்ந்த ஒரு மேகக் கூட்டம் 14-ஆம் தேதி புயலாயிற்று. அதற்குக் கார்ல் என்று பெயரிட்டனர். யுகட்டான் முனையைக் கடந்து, கம்பெச்சே விரிகுடாவில் திடீரென்று வலுத்து, 17-ஆம் தேதி மெக்சிகோவின் வெராகுரூஸ் அருகே பெருஞ்சூறாவளியாகக் கரையேறியது. சூறாவளி எங்கே போகும் என்று சொல்வதில் வானிலையாளர் தேர்ந்துவிட்டார்கள். அது எவ்வளவு வேகமாக வலுக்கும் என்பதில் அந்நாளில் பெரிதும் தடுமாறினார்கள். கரையில் உள்ளவனுக்கோ இரண்டும் தெரிந்தாக வேண்டும்.

பதிவுகளைப் பிரித்துக் கணக்கிட்டு, முதல் முடிவுகள் 2014-இல் வெளியாயின. அவற்றைக் கணிப்பொறி மாதிரியில் புகுத்தி, கார்லை மீண்டும் முன்னறிந்து பார்த்த ஆராய்ச்சி 2018-இல் வெளிவந்தது. விமான அளவுகளைச் சேர்க்காமல் கணித்ததைவிட, சேர்த்துக் கணித்தபோது சூறாவளி மையத்தின் அழுத்தத்தில் பிழை 43 விழுக்காடு குறைந்தது. ஆனால் வாசகர்கள் இதை அளவுக்கு மீறி எடுத்துக்கொள்ளக்கூடாது. இது ஒரே ஒரு சூறாவளி. அந்தச் சோதனையில் வேறு சில செயற்கைக்கோள் அளவுகளை வேண்டுமென்றே விலக்கியும் வைத்திருந்தனர். என்றாலும் ஒரு பாடம் தெளிவாயிற்று. விமானம் மெதுவாகச் செல்வதால் ஒரு மறைப்பு பத்து முதல் முப்பது நிமிடம் வரை நீள்கிறது. கோளில் அது ஓரிரு நிமிடமே. அந்த நேரத்தில் அலை உரசும் இடம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நகர்ந்துவிடும். மேலே உள்ள அளவு ஓரிடத்தினது, கீழே உள்ளது வேறோர் இடத்தினது. அளவு முழுவதும் ஒரே செங்குத்துக் கோட்டில் உள்ளதாக நினைத்துப் புகுத்தினால் பயன் குறைகிறது. சாய்வை உள்ளபடி ஏற்றுக் கணக்கிட்டால்தான் மேற்சொன்ன பயன் கிட்டுகிறது.

வானத்து ஆறுகள்

சூறாவளியில் பழகிய கருவியை அடுத்துக் கொண்டுபோனது பசிபிக் பெருங்கடலுக்கு. குளிர்காலத்தில் அங்கே வெப்ப மண்டலத்திலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு நீராவி நீண்ட ஒடுங்கிய பட்டையாக ஓடுகிறது. வளிமண்டல ஆறு என்று இதற்குப் பெயர். வலுவான ஓர் ஆறு, மிசிசிப்பி நதி கடலில் கொட்டுவதைப்போல் ஏழரை மடங்கிலிருந்து பதினைந்து மடங்கு வரை நீரைச் சுமந்து வரும். மேற்குக் கரை மாநிலங்களின் ஆண்டு மழையில் 30 முதல் 50 விழுக்காடு இத்தகைய சில ஆறுகளாலேயே கிடைக்கிறது. வந்தால் வெள்ளம், வராவிட்டால் பஞ்சம்.

கலிபோர்னியாவில் மெண்டசினோ என்றோர் ஏரி உண்டு. 2012 டிசம்பரில் ஒரு வானத்து ஆறு அதை நிரப்பியது. அடுத்த வெள்ளத்துக்கு இடம் வேண்டும் என்று விதிப்படி நீரைத் திறந்துவிட்டார்கள். அடுத்த வெள்ளம் வரவேயில்லை. 2013 முழுவதும் கடும் வறட்சி. 2014 தொடக்கத்தில் ஏரி ஏறக்குறைய வற்றிக் கிடந்தது. மாறாக, 2017 பிப்ரவரியில் அதே மாநிலத்தின் ஓரோவில் அணையில் நீர் நிரம்பி, மறுகால் அரிக்கத் தொடங்கியதால், சுமார் 1,88,000 பேரை ஊரைவிட்டுப் போகச் சொல்ல நேர்ந்தது. மதகைத் திறப்பதா, வேண்டாமா என்ற சங்கடம் ஏரிப்பாசன ஊர்களில் வாழும் நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அடுத்த ஐந்து நாட்களில் மழை உண்டா, இல்லையா என்பதை நம்பகமாகச் சொல்ல முடிந்தால் பாதிச் சங்கடம் தீரும்.

அதற்காகவே ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தின் தலைமையில் 2016 முதல் விமானங்கள் இந்த ஆறுகளின்மேல் பறக்கின்றன. 2018-இல் அவற்றுள் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம்-4 விமானத்தில் மறைப்பு வாங்கியும் ஏறியது. ஹாஸே அப்போது ஸ்கிரிப்ஸில் இருந்தார். இதற்குள் நிலைமை வெகுவாக மாறியிருந்தது. வானில் அமெரிக்காவின் ஜி.பி.எஸ். மட்டும் இல்லை, ரஷ்யாவின் கிளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எல்லாம் சேர்ந்து நூறு கோள்களுக்கு மேல். மறையும் கோள் கூடக் கூட அளவும் கூடுகிறது. விமானம் ஆற்றின் குறுக்கே பறந்து டிராப்சோண்ட் போடும்போதே, கருவி இரு கரைகளுக்கும் அப்பால் உள்ள காற்றைச் செலவின்றி அளந்துகொள்கிறது.

குறைகளும் உண்டு. காற்று வீசும் வேகத்தை இது அளக்காது. வளைவுக்கு வெப்பமும் ஈரமும் இரண்டுமே காரணமாவதால், தாழ்ந்த உயரத்தில் எது எவ்வளவு என்று பிரிக்க வேறு தகவல் வேண்டும். கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரில் இன்னும் பல பதிவுகள் அறுந்துபோகின்றன.

ஒவ்வொரு பயணி விமானத்திலும் ஏற்கெனவே ஜி.பி.எஸ். வாங்கி இருக்கும்போது, அவற்றையெல்லாம் இந்த வேலைக்குப் பழக்க முடியாதா என்ற எண்ணம் இந்தத் துறையில் உள்ளவர்களுக்குப் பல நாளாக உண்டு. பயணி விமானங்கள் பறக்கும் வழியில் வெப்பத்தையும் காற்றையும் அளந்து அனுப்பும் ஏற்பாடு முன்பே இருக்கிறது. 2020-இல் கொள்ளை நோயால் விமானங்கள் நின்றபோது, அந்த அளவுகள் வெகுவாகக் குறைந்து, உலக வானிலை நிலையங்கள் செயற்கைக்கோள் மறைப்பு அளவுகளைக் கூடுதலாக நாட வேண்டியதாயிற்று. ஆயினும் அடிவானத்துக்குக் கீழே பார்க்கும் ஏரியலும், அலையை முழுதாகப் பதியும் கருவியும் பயணி விமானத்தில் இல்லை. அவற்றைப் பொருத்த விமானத்தின் உடலில் கைவைக்க வேண்டும். அதற்கு அனுமதி பெறுவது விஞ்ஞானத்தைவிடக் கடினம் போலும்.

கருவி சிறுத்ததால் அதற்கு வேறொரு வாகனமும் கிடைத்துவிட்டது. 2019 நவம்பரிலும் டிசம்பரிலும், பிரெஞ்சு விண்வெளி நிலையத்தினர் இந்துமாக் கடலில் உள்ள செஷெல்ஸ் தீவிலிருந்து எட்டுப் பெரிய பலூன்களைப் பறக்கவிட்டார்கள். ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் உயரத்தில், காற்றின் போக்கில், பூமத்திய ரேகையை ஒட்டி அவை வாரக்கணக்கில் மிதந்தன. அவற்றில் ஹாஸே குழுவினரின் மறைப்பு வாங்கியும் இருந்தது. விமானம் சில மணி நேரத்தில் எரிபொருள் தீர்ந்து திரும்பிவிடும். பலூனுக்கு அந்தக் கவலை இல்லை. எந்த நாட்டுப் பலூனும் ஏறாத கடல்வெளியின்மேல் மிதந்தபடி, பக்கத்தில் மறையும் ஒவ்வொரு கோளையும் அது கேட்டுக்கொண்டே சென்றது.